ரத்தம் சொல்வதும் மரபணு சொல்வதும்

1965-ஆம் ஆண்டில், கனடா தேசத்து மாண்ட்ரீல் நகரில், மக்கில் சர்வகலாசாலையைச் சேர்ந்த பில் கோல்ட் என்ற இளம் வைத்தியரும் அவருடைய ஆசிரியர் சாமுவேல் ஃப்ரீட்மனும், ஒரே நோயாளியின் பெருங்குடலிலிருந்து புற்றுக் கட்டியையும் அதற்குச் சற்றுத் தள்ளி ஆரோக்கியமாக இருந்த பகுதியையும் எடுத்து, முயல்களின் உதவியால் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, கட்டியில் ஒரு விசேஷப் புரதம் மிகுந்திருக்கக் கண்டார்கள். கருவில் முதல் ஆறு மாதங்கள் வளரும் சிசுவின் குடலிலும் அதே புரதம் இருந்தது. பிறக்குமுன்பே உடல் கைவிட்ட ஒரு வழக்கத்தைப் புற்று மீண்டும் கைக்கொள்கிறது என்பது அதன் தாத்பரியம். ரத்தப் பரிசோதனைத் தாளில் இன்று சி.இ.ஏ. என்று அச்சாகி வருவது அப்புரதத்தின் அளவே.

ஒரு மில்லி லிட்டரில் 5 நானோகிராமுக்கு உட்பட்டிருப்பது சாதாரணம். புகை பிடிப்பவர்களுக்கும் கல்லீரல் அழற்சி உள்ளவர்களுக்கும்கூட அது சற்று ஏறக்கூடுமாதலால், சுகமாயிருப்பவரிடம் புற்று இருக்கிறதா என்று தேட அது உதவாது. ஆனால் பெருங்குடற் புற்று கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டவர்களிடம், ஆரம்பத்திலேயே அது மிக உயர்ந்திருந்தால் வரவிருக்கும் போராட்டம் கடினமானது என்பதையும், சிகிச்சையால் படிப்படியாக இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்பதையும் பெரும்பாலும் உணர்த்துகிறது. எல்.டி.எச். என்ற நொதியும் வெள்ளணுக்களும் உயர்வது, அல்புமின் தாழ்வது ஆகியனவும் இந்த ஜாதியைச் சேர்ந்த குறிகளே. இவையெல்லாம் நோயின் பாரத்தை நிறுத்துக் காட்டும் தராசுகள். அதன் சுபாவத்தை அறிய மரபணுவிடம்தான் போகவேண்டும்.

அறுவையில் எடுத்த கட்டியின் துண்டு, மெழுகில் பதிந்து, ஆய்வுக்கூடத்து அலமாரியில் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறது. மில்லிமீட்டரில் 250-இல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவிய அதன் சருகு, வெதுவெதுப்பான நீரில் சுருக்கம் நீங்கி மிதக்கும்போது, வெங்காயச் சருகுகூட அதன்முன் தடித்ததாகத் தோன்றும். அந்தச் சருகில்தான் கே-ராஸ் என்ற மரபணுவைப் படிக்கிறார்கள். உயிரணுவைப் பெருகச் சொல்லும் விசை அது. ஓரெழுத்துப் பிழையால், 12-ஆம் இடத்தில் கிளைசின் நிற்கவேண்டிய புரதத்தில் வேறோர் அமினோ அமிலம் வந்து நின்றுவிட்டால், அந்த விசை போட்டது போட்டபடியே கிடக்கிறது. உயிரணுவின் வெளிவாசலை அடைக்கும் செடுக்ஸிமாப் போன்ற மருந்து அப்போது என்ன செய்யும்?

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்து 2008-இல் வெளியான ஆராய்ச்சி இதற்கு விடை தந்தது. மற்ற மருந்துகள் பலிக்காதுபோன நோயாளிகளில், கே-ராஸ் பிழையற்றவர்களுக்குச் செடுக்ஸிமாப் கொடுத்தபோது ஆயுள் 4.8 மாதத்திலிருந்து 9.5 மாதமாக நீண்டது. பிழையுள்ளவர்களுக்கோ, மருந்து கொடுத்தாலும் 4.5, கொடுக்காவிட்டாலும் 4.6. (இவை நடுக்கணக்குகள், பாதிப்பேர் அவற்றைத் தாண்டி வாழ்ந்தவர்கள். இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் நோயாளியின் கையில் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.) மருந்தில்லாத இரு சாராரும் ஏறக்குறைய ஒரே காலம் வாழ்ந்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். அங்கே அப்பிழை ஆயுளைக் குறுக்கவில்லை. எந்த மருந்தால் வீண் செலவும் வீண் வேதனையும் நேரும் என்றே சொல்லிற்று. இத்தகைய குறியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பி-ராஃப் என்ற மற்றொரு மரபணுவில் நேரும் பிழை அப்படிப்பட்டதன்று. அது மெய்யாகவே கெட்ட குறி. ஆயினும் அதற்கென்றே அமைந்த என்கோராஃபெனிப் என்ற மருந்து, செடுக்ஸிமாபுடன் சேர்ந்து ஆயுளை நீட்டுகிறது என்று 2019-இல் நிரூபணமாயிற்று.

இன்னொரு வகை, பரவிய நோயாளிகளில் 100-க்கு ஏறக்குறைய 5 பேரிடம் காண்பது. அச்சுக்கூடத்தில் பிழை திருத்துபவர் வராத நாளைப்போல, அவர்களுடைய கட்டியில் மரபெழுத்துப் பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. அந்தப் பிழைகளாலேயே உடலின் காவற்படை அதை அந்நியம் என்று அடையாளம் காண முடிகிறது. 307 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆராய்ச்சியில், அந்தக் காவற்படையை அவிழ்த்துவிடும் பெம்ப்ரோலிஸுமாப் நோயை 16.5 மாதம் அடக்கி வைத்தது. வழக்கமான சிகிச்சை 8.2 மாதம். முதல் மருந்து நரம்பில் ஏறுமுன்பே கட்டி இவ்வகையைச் சேர்ந்ததா என்று பார்த்துவிடவேண்டும். பெரிய யந்திரமும் வேண்டா: அதே மெழுகுத் துண்டிலிருந்து நான்கு சருகுகளைச் சீவி, பிழை திருத்தும் நான்கு புரதங்களுக்குச் சாயமேற்றினால், சுற்றியுள்ள நல்ல உயிரணுக்களின் உட்கருக்கள் பழுப்பாகத் தெரிய, நடுவே இவ்வகைப் புற்றின் உட்கருக்கள் மட்டும் ஒரு சருகிலேனும் அந்தப் பழுப்பு ஏறாமல் வெளிறி நிற்கும்.