துக்கடாவின் சுவை

கச்சேரியிலே தனியாவர்த்தனம் முடிந்ததும் சிலர் எழுந்துவிடுகின்றனர். கனமான உருப்படிகளைக் கேட்டாயிற்று, இனி வருவன வெறுந் துக்கடாக்கள்தாமே என்பது அவர்கள் எண்ணம். துக்கடா என்னும் வடநாட்டுச் சொல்லுக்குத் துண்டு என்பது பொருள். பெயரே இந்த அலட்சியத்தை வளர்த்தது போலும்! பாயசம் வருமுன் பந்தியை விட்டு எழுபவரை யாழ்ப்பாணத்திலே காண்பது அரிது. சங்கீதத்தில் மட்டும் ஏனோ இந்த அவசரம்.

பதம், ஜாவளி, தில்லானா, திருப்புகழ் முதலியவற்றைக் கச்சேரியின் பிற்பகுதியில் இடமறிந்து அமைத்தவர்கள் சங்கீதம் அறியாதவர்களல்லர். இன்றைய கச்சேரி முறைக்கு உருக்கொடுத்தவராகப் போற்றப்படும் அரியக்குடி இராமானுஜ ஐயங்காரே (1890–1967) இவற்றை விரும்பிப் பாடியவர்.

காவடிச் சிந்தையே எடுத்துக்கொள்வோம். மஞ்சவனப்பதி முருகன் கோயிலைத் தம்மூரிலே கொண்ட கொக்குவில் மக்களுக்குக் காவடி புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, வழிநடைக்காகச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடியவையே புகழ்பெற்ற காவடிச் சிந்துகள் என்பர். நடக்கும் கால்களுக்காகப் பிறந்த பாட்டு அது. ஆதலின், 'தகிட தகிட' என்று மும்மூன்றாகத் துள்ளும் திசிர நடை அதற்கு இயல்பாயிற்று. சிந்துக்குப் பெரிதும் வழங்கும் செஞ்சுருட்டி இராகமோ மேல் ஷட்ஜத்தைத் தொடாமலே நிஷாதத்தோடு திரும்பிவிடும். பயிற்சியில்லாத குரலும் மூச்சுத் திணறாமல் உடன் பாடலாம். பலர் கூடிப் பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இராகம் வேறென்ன வேண்டும்?

கேட்பதற்கு எளிது என்பதனால் பாடுவதற்கும் எளிது என்று கொள்ளலாகாது. அரைமணி நேர ஆலாபனையிலே ஓரிடத்தில் தளர்ந்த வித்துவான் மற்றோரிடத்தில் ஈடுசெய்துகொள்வார். நான்கு நிமிடத் துக்கடாவிலே அதற்கு அவகாசமில்லை. பதத்தில் ஒரு சொல்லின் பாவம் பிசகினாலும், தில்லானாவில் ஒரு ஜதி நழுவினாலும் முன்வரிசைச் சிறுவனுக்கும் தெரிந்துவிடும்.

கொக்குவிலிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கே சென்றால், தாவடிக்கு அப்பால் இணுவில். நாதசுரமும் தவிலும் தலைமுறையாய்ப் பயின்ற ஊர் அது. தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் (1933–1975) தந்தையார் விசுவலிங்கம் அவ்வூரவர். திருவிழா இரவுகளிலே நீண்ட இராகத்துக்குப் பின் நாதசுரம் சிந்துக்குத் திரும்பும்போது, வீதியோரத்தில் நின்ற மூதாட்டியும் நெருங்கி வருவார். அவர் தலையசைப்பும் இரசனையே. தாம் களித்த இசை தாழ்ந்ததென்று பிறர் சொல்லக் கேட்டு நாணி ஒதுங்கியவர் எத்தனை பேரோ!

இணுவிலை அடுத்த மருதனார்மடத்திலே, 1960இல் தொடங்கி, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்துள்ள இராமநாதன் இசைக் கல்லூரியில் அதிபராயிருந்தவர் மகாராஜபுரம் சந்தானம் (1928–1992). கனத்த இராகங்களில் தேர்ந்த அவரிடம், ரேவதி இராகத்திலே அமைந்த 'போ சம்போ' பாடலைக் கேட்பதற்கென்றே இரசிகர்கள் கச்சேரி முடியும்வரை காத்திருந்தனர்.