தண்ணீர் காட்டிய மட்டம்

சௌல்தாரியில் மழை வருவதைக் கண்ணுக்கு முன்னால் காது பிடித்துவிடும். முதலில் காட்டுப் பக்கம் ஓர் இரைச்சல். அது பாக்குத் தோப்பில் ஏறி, தோப்பைத் தாண்டி, ஒரே பாய்ச்சலில் நம் தகரக் கூரையில் இறங்கும். இறங்கிய பிறகு வீட்டுக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. தெற்கு அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் ஜனவரி தாண்டினால் குடம் தேடுகிறோம். மேட்டிலிருந்து கடல் அதிகத் தூரமில்லாத தீவு இது. பெய்த மழை நிற்காமல் ஓடிவிடுகிறது. தனிக்காரி அணையில் நீர் இறங்க இறங்க, குழாயில் தண்ணீர் வரும் நாட்களின் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது சரியாக ஒரு லிட்டர். இந்த ஒரு கணக்கு போதும், ஞாயிற்றுக்கிழமையை எதற்குச் செலவிட வேண்டும் என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டுக் கூரையின் ஒரு பக்கச் சரிவு சுமார் 25 சதுர மீட்டர். ஆண்டுக்கு 75,000 லிட்டர் அதில் விழுகிறது. தெறித்தது, வழிந்தது, ஆவியானது என்று தாராளமாகக் கழித்தாலும் 60,000 லிட்டர் மிஞ்சும். நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால், 2,000 லிட்டர் டேங்க் ஒன்று நிறைந்திருந்தால் நூறு நாளை ஓட்டிவிடலாம். ஆக, எனக்கு வேண்டியது அந்தத் தண்ணீரை டேங்க்குக்குக் கொண்டுபோக இருபது அடி நீளத்துக்கு ஒரு பீலி. முன்பெல்லாம் இங்கே பாக்கு மரத்தைப் பிளந்து குடைந்து கூரையோரம் கட்டுவார்கள். நான் ஆறங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்துக்கொண்டேன்.

அறுப்பது எளிது. மாட்டுவதில்தான் பாடம் இருந்தது.

பீலிக்குச் சரிவு வேண்டும், அதுவும் கொஞ்சமாக. பத்து அடிக்கு ஒரு அங்குலம் என்பது வழக்கம். இருபது அடிக்கு இரண்டு அங்குலம். நான் தகரத்தின் விளிம்பைப் பார்த்து வைத்தேன். ஒரு முனையில் விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் கீழே, டேங்க் இருக்கும் முனையில் மூன்று அங்குலம் கீழே. கிளாம்பெல்லாம் முறுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. அன்று ராத்திரியே மழை. காலையில் ஏணி வைத்து ஏறினால், பீலியின் மறுகோடியில், டேங்க்குக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் குட்டையாகத் தேங்கி நிற்கிறது. இரண்டு நாள் விட்டால் கொசுப்புழு வந்துவிடும்.

பக்கத்து வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "எந்த வீட்டுக் கூரையும் மட்டமா இருக்காது தம்பி. டியூப்ல தண்ணிய விட்டுப் பாரு" என்றார். தம் பையிலிருந்து சுருட்டி வைத்த ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், சுண்டுவிரல் கனம், முப்பது அடி நீளம். ரசமட்டமும் தூக்குக்குண்டும் போல இதுவும் கொத்தனார் பையை விட்டுப் பிரியாத சாமான்.

டியூபில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைக் கூரையின் இந்தக் கோடியிலும் மறுமுனையை அந்தக் கோடியிலும் பிடிக்க வேண்டும். நடுவில் அது தரையில் கிடக்கலாம், செடியைச் சுற்றலாம், சுவரைத் திரும்பிப் போகலாம். இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரம் ஒன்றுதான். இரு முனையையும் அழுத்துவது ஒரே காற்று. ஒரு பக்கம் தண்ணீர் இம்மி உயரமாக நின்றாலும் அந்தப் பக்கத்துப் பாரம் அதைத் தள்ளிவிடும். தள்ளத் தள்ள இறங்கி, இரண்டும் சமமான இடத்தில்தான் அசைவு நிற்கும். மின்சாரம் கிடையாது, லென்ஸ் கிடையாது. ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாத இரண்டு அறைகளிலும் ஒரே மட்டத்தைக் குறித்துவிடலாம்.

பிடித்துப் பார்த்தோம். என் கூரை விளிம்பே டேங்க் இருக்கும் பக்கம் இரண்டரை அங்குலம் மேலே இருந்தது. நான் கொடுத்த இரண்டு அங்குலச் சரிவை வீடு விழுங்கிவிட்டு, அரை அங்குலத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டிருக்கிறது. இத்தனை வருடம் அந்தக் கூரையின் கீழே குடியிருந்தும் என் கண் அதைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு நேர்கோடு தெரிகிறது, இணைகோடு தெரிகிறது. மட்டம் மட்டும் தெரிவதில்லை.

டியூபையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அதைக் கையாண்ட அந்த ஒரு மணி நேரத்தில் படித்த இயற்பியலை நான் பள்ளியில் படிக்கவில்லை. நடக்கும்போது தண்ணீர் சிந்தாமல் இருக்கக் கட்டைவிரலால் வாயை அடைத்துக்கொள்வோம். ஒரு முனையில் விரலை எடுக்க மறந்தால் உள்ளே சிக்கிய காற்று தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அளவு பொய்யாகிவிடும். நிமிர்ந்து நிற்கும் பகுதியில் டியூபை அடைத்தபடி இரண்டு சென்டிமீட்டர் நீளக் காற்றுக்குமிழ் இருந்தால், அந்தப் பக்கத் தண்ணீர் இரண்டு சென்டிமீட்டர் ஏறி நிற்கும். குமிழுக்கு எடை இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட அவ்வளவு தண்ணீர் கூடுதலாக மேலே வேண்டும். அதே குமிழ் தரையில் படுத்திருக்கும் பகுதியில் இருந்தால் அளவு மாறாது. மேஸ்திரி டியூபை விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழ்களை மேலேற்றியது அதற்குத்தான்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் வெயில்தான். ஒரு முனை வேப்ப மர நிழலில், மறுமுனை உச்சி வெயில் காய்ந்த சுவரில். நிழல் பக்கத் தண்ணீர் 30 டிகிரி, வெயில் பக்கம் 45 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான தண்ணீர் விரிந்து லேசாகிறது; இந்த வித்தியாசத்தில் சுமார் அரை சதவீதம். இரண்டு மீட்டர் உயரத்துக்கு டியூப் தொங்கினால் வெயில் பக்கம் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஏறிக் காட்டும். என் பீலியின் மொத்தச் சரிவே ஐந்து சென்டிமீட்டர்தான். "வெயில் சாஞ்சப்புறம் பார்ப்போம்" என்று மேஸ்திரி சொன்னதை முதலில் நான் டீ குடிக்கப் போகும் சாக்கு என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது சரி.

பீலியின் வாயில் ஒரு சின்ன ஏற்பாடும் செய்தோம். கூரையிலிருந்து வரும் முதல் தண்ணீரில் தூசு, பறவை எச்சம், பாசி எல்லாம் கலந்திருக்கும். அதனால் டேங்க்குக்குப் போகும் வழிக்கு முன்னால் நாலங்குலக் குழாய் ஒன்றை எட்டு அடி நீளத்துக்குச் செங்குத்தாக நிறுத்தினோம். அதற்குள் ஒரு ரப்பர் பந்து. முதல் 19 லிட்டர், அதாவது முதல் முக்கால் மில்லிமீட்டர் மழை, இந்தக் குழாய்க்குள் விழுகிறது. நிறைய நிறையப் பந்து மிதந்து ஏறி, மேலே குறுகும் வாயில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு வருவதெல்லாம் டேங்க்குக்கு. அடியில் சொட்டும் ஒரு சிறு துளை, அடுத்த மழைக்குள் குழாயைக் காலி செய்துவிடும்.

கிரேட் நிக்கோபாரில் ஷோம்பென் மக்கள் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, சரிவில் வரிசையாகக் கிடத்தி, மரக்கிளைகளிலிருந்து வடியும் மழையைக் குழிகளுக்குக் கொண்டுபோகும் முறையை அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1997இல் தொகுத்த நூல் விவரிக்கிறது. ஒரு குழி நிறைந்தால் வழிவது அடுத்த மூங்கில் வழியே அடுத்த குழிக்கு. படத்தைப் பார்த்தபோது என் பிவிசி பீலி அந்த மூங்கிலின் பேரப்பிள்ளை போலத் தோன்றியது.

டியூபைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அதன் நினைப்பு போகவில்லை. இந்தத் தீவுகளைச் சுற்றி அதைவிடப் பெரிய டியூப் ஒன்று இருக்கிறது: கடல். அலைமானி என்ற கருவி அதைத்தான் படிக்கிறது. பழைய அலைமானி என்றால் கரையோரம் ஒரு கிணறு, கடலோடு அதை இணைக்கும் குழாய், கிணற்றில் ஒரு மிதவை, மிதவையோடு கட்டிய பேனா. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே பூமி அதிர்ந்தபோது, வங்கக் கடலைச் சுற்றியிருந்த எட்டு அலைமானிகள் அந்தச் சுனாமியைக் காகிதத்தில் வரைந்துவிட்டன. எழுந்த அலை ஒரு மீட்டருக்கும் குறைவு.

2004 டிசம்பர் 26 காலை நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது நடந்ததை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அலை வடிந்த பிறகும் ஒன்று வடியவில்லை. போர்ட் பிளேயர் பக்கத்து நிலம் சுமார் ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களுக்குள் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உப்பு நீர் வந்து போயிற்று. அதே சமயம் வடக்கு அந்தமான் கரையில் பவளப் பாறைகள் நீருக்கு மேலே வந்து வெயிலில் செத்தன. தெற்கே இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போனது. வடக்கு ஏறியது, தெற்கு இறங்கியது.

அந்தச் சாய்வு என் பீலியில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட கோடியிலிருந்து போர்ட் பிளேயர் சுமார் 220 கிலோமீட்டர். இரண்டு முனைக்கும் வித்தியாசம் இரண்டு மீட்டர் என்று வைத்தால், என் இருபது அடிக்கு வருவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. எந்த மேஸ்திரியின் டியூபுக்கும் அது அகப்படாது. ஆனால் கரையில் நின்ற தென்னைக்கும் வயலில் நின்ற நெல்லுக்கும் கடல் அதை ஒரே நாளில் காட்டிவிட்டது.

பீலியைக் கழற்றி மறுபடி மாட்டியபோது, டியூபை வைத்துப் பென்சிலால் போட்ட இரண்டு கோடுகள் சுவரில் இன்னும் இருக்கின்றன. வெள்ளையடிக்கும்போது அவற்றை மட்டும் விடச் சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் ராத்திரி மழை தொடங்கினால் வீட்டில் எல்லோரும் ஒரு சத்தத்துக்காகக் காத்திருக்கிறோம். தகரம் இரையும். குழாய்க்குள் தண்ணீர் ஏறும் ஓசை கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாகும். பிறகு 'டொக்' என்று பந்து போய் உட்காரும். "அடைச்சிருச்சு" என்று சின்னவள் இருட்டில் சொல்வாள். அதற்குப் பிறகுதான் டேங்க்கில் நல்ல தண்ணீர் விழும்.