மதுரையும் ரோமும்: ஒரு நட்புக் கடிதம், கொஞ்சம் மிளகு, 25 சதவீத வரி

வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு அடிக்கடி சுத்தும்: "ரோம் நாட்டு கஜானாவையே காலி பண்ணினது நம்ம பாண்டிய நாட்டு வியாபாரம்!" மதுரைக்காரனா எனக்கும் கேட்கப் பெருமையாத்தான் இருக்கு. ஆனா ஷேர் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் டீபக் பண்ணிப் பார்ப்போம்.

முதல்ல நட்பு. ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர், ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்கு இந்தியாவிலிருந்து ஒரு அரசன் தூதும் பரிசும் அனுப்பினான்னு எழுதுறார். "பாண்டியன், வேறு சிலர் சொல்படி போரஸ்" என்று அவரே ரெண்டு பேர் தர்றார். இன்னொரு இடத்தில், அந்தியோக்கியா பக்கத்துல ஒருத்தர் நேர்ல சந்தித்த தூதுக்குழுவைப் பற்றியும் சொல்றார். தோலில் கிரேக்க மொழியில் எழுதிய கடிதம், போரஸ் பேரில். சாரம்: உங்க நட்பு வேணும், என் நாட்டு வழியாப் போக அனுமதி தர்றேன். கூடவே பாம்புகள், ஒரு பெரிய ஆமை எல்லாம் பரிசு!

அடுத்து வியாபாரம். எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து ஜூலை வாக்குல கப்பல் கிளம்பும். பருவக்காற்று தள்ளிக்கொண்டு வரும். காற்று திசை மாறினதும் டிசம்பர், ஜனவரியில் திரும்பும். அங்கிருந்து ஒட்டகத்தில் நைல் நதிக்கு, பிறகு படகில் அலெக்சாந்திரியாவுக்கு. பெரெனிகே துறைமுகத்தில் ஒரு கோவிலில், இந்தியப் பானைக்குள்ள சுமார் 7.5 கிலோ மிளகு கிடைச்சிருக்கு.

இப்போ அந்த கஜானா கதை. கி.பி. 77 வாக்குல பிளினி புலம்புறார்: வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகுது, அங்க வாங்கின சரக்கு இங்க நூறு மடங்கு விலைக்கு விக்குது. பாண்டியன் 'மொதுரா' என்ற உள்நாட்டு நகரத்தில் இருக்கிறான்னு எழுதினவரும் இதே பிளினிதான். நம்ம மதுரை!

ஆனா இது ஒரு பக்கக் கணக்கு. இன்னொரு பக்கம், வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ். கி.பி. 2-ம் நூற்றாண்டு. ஒரு பக்கம் முசிறி வியாபாரத்துக்கான கடன் ஒப்பந்தம், மறுபக்கம் 'ஹெர்மபொல்லான்' என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. தந்தம், கங்கைக் கரை நறுமணப் பொருள் எல்லாம் சேர்த்து மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். இந்த மாதிரி சரக்குக்கு ரோம அரசு வாங்கின இறக்குமதி வரி 25 சதவீதம்.

யோசிச்சுப் பாருங்க. வெளிய போன காசை மட்டும் பிளினி எழுதினார், உள்ள வந்த வரியை எழுதல. சரக்கு நூறு மடங்கு விலைக்கு விற்றால் அந்த லாபமும் அங்கேயே உள்ள வியாபாரிகள் கையில்தான். கஜானா காலியாகல, அதுக்கும் வருமானம் வந்துக்கிட்டே இருந்துச்சு. இங்கயும் தங்கமும் வெள்ளியும் மதுவும் வந்து இறங்கின. வைகை கடல்ல சேர்ற அழகன்குளத்தில் ரோம நாணயங்களும் மது ஜாடித் துண்டுகளும் அகழாய்வில் கிடைச்சிருக்கு. ரெண்டு பக்கமும் லாபம் இருந்ததால்தான் இந்த உறவு தலைமுறை தலைமுறையா நீடிச்சது. "நாம ஜெயிச்சோம், அவன் தோத்தான்" என்ற ஃபார்வர்டு மிஸ் பண்றது இதைத்தான்.

கடைசியா ஒண்ணு. எகிப்தின் குசைர் அல்-காதிம் துறைமுகத்தில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமியில் ரெண்டு பேர் கீறியிருக்கு: சாத்தன், கணன். அரசர்கள் நட்புன்னு கடிதம் எழுதலாம். அதை ஓட்டிக் காட்டினது கடல் தாண்டிப் போய் பானையில் பேர் எழுதின இந்த மாதிரி ஆட்கள்தான்.

அடுத்த முறை அந்த ஃபார்வர்டு வந்தா, சாத்தன் பேரையும் சேர்த்து அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!