சியூஸ் தெரியும், இந்திரனைத் தெரியுமா?

அம்பாங்கில் பிற்பகல் மழை பெரும்பாலும் இடியோடுதான் வரும். எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சன்னல் ஒருமுறை அதிர்ந்தால் போதும், பாட்டி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார். சிறு வயதில் நானும் கூடவே சொல்வேன். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் விட்டுவிட்டேன். "இடி என்பது மின்சாரம் பாட்டி" என்று ஒருநாள் பாடம் வேறு நடத்தினேன். அவர் சிரித்துக்கொண்டார்.

கடந்த பருவத்தில் பல்கலைக்கழகத்தில் உலகத் தொன்மங்கள் பற்றிய ஒரு பாடம் எடுத்தேன். வகுப்பில் படைக்க நான் தேர்ந்தெடுத்தது கிரேக்கத்தின் வான அரசன் சியூஸ். ஆங்கில நாவல்களிலும் திரைப்படங்களிலும் பார்த்துப் பழகிய தெய்வம். பத்து நிமிடம் தடுமாறாமல் பேசினேன். முடித்ததும் ஒரு சீனத் தோழி கேட்டாள்: "உங்கள் தமிழர்களுக்கும் இப்படி ஒரு வான அரசன் உண்டா?"

"இந்திரன்" என்றேன். "அவரைப் பற்றிச் சொல்லேன்" என்றாள். அதற்கு மேல் எனக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், எஸ்.பி.எம். தேர்விலும் தமிழ் எடுத்தவள் நான். அன்று மாலை நூலகத்துக்குப் போனேன்.

இரண்டு அரசர்கள்

சியூஸின் தந்தை குரோனோஸ், தன் பிள்ளைகளைப் பிறந்ததும் விழுங்கியவன். தாய் ரியா கடைசிப் பிள்ளையை மட்டும் ஒளித்து வளர்த்தாள். வளர்ந்த சியூஸ் தந்தையை வீழ்த்தினான். பிறகு மூன்று சகோதரர்களும் சீட்டுப் போட்டு உலகைப் பங்கிட்டார்கள். வானம் சியூஸுக்கு, கடல் பொசைடனுக்கு, பாதாளம் ஹேடிஸுக்கு.

சியூஸின் ஆயுதம் இடி. பாதாளச் சிறையிலிருந்து அவன் விடுவித்த ஒற்றைக்கண் அரக்கர்கள் நன்றியாகக் கொடுத்தது. இந்திரனின் வச்சிராயுதமோ, ததீசி முனிவர் உயிரைத் துறந்து கொடுத்த எலும்பில் செய்யப்பட்டது. இடி ஒன்றுதான், ஒன்று நன்றியில் வந்தது, மற்றது தியாகத்தில் வந்தது.

பெயரிலும் ஓர் ஆச்சரியம் உண்டு. 1786-இல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆற்றிய உரையில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். வேதத்தில் வரும் 'த்யௌஸ் பிதா', அதாவது வானத் தந்தை, சியூஸின் பெயரோடும் ரோமானியரின் ஜூபிட்டரோடும் ஒரே வேர் கொண்டது. ஆனால் வேதத்தில் த்யௌஸ் ஒதுங்கி நிற்கிறார். இடியைக் கையில் எடுத்தவன் இந்திரன். ரிக் வேதத்தின் 1,028 பாடல்களில் ஏறத்தாழ கால்பங்கு அவனுக்கே. ஆக, பெயரால் சியூஸுக்கு உறவு த்யௌஸ். வேலையால் உறவு இந்திரன்.

வயல்வெளியின் வேந்தன்

தமிழில் கதை இன்னும் சுவையானது. தொல்காப்பியம் முல்லைக்கு மாயோனையும், குறிஞ்சிக்குச் சேயோனையும், நெய்தலுக்கு வருணனையும் சொல்லி, மருதத்துக்கு 'வேந்தன்' என்கிறது. உரையாசிரியர்கள் அந்த வேந்தனை இந்திரன் என்றார்கள். வயலுக்கு மழை வேண்டும். மழைக்கு இந்திரன் வேண்டும்.

சோழர்களின் புகார் நகரில் இந்திரனுக்கு 28 நாள் விழா எடுத்ததைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் சொல்கின்றன. கோவலனும் மாதவியும் பிரிந்தது அந்த விழாவை ஒட்டிய கடலாட்டின்போதுதான். மணிமேகலையில், மகனை இழந்த துயரத்தில் சோழ மன்னன் இந்திர விழாவை மறந்துவிடுகிறான். புகாரைக் கடல் கொள்கிறது. ஒரு விழாவை மறந்ததற்கு ஒரு நகரமே விலையானது.

பிறகு இந்திரன் மெல்லப் பின்னுக்குப் போனான். கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்த கண்ணன் முன் அவன் மழை தோற்றது. அகலிகை கதையில் சாபம் வாங்கினான். காலப்போக்கில் கிழக்குத் திசையின் காவலனாக நின்றுவிட்டான். ஆனாலும் பொங்கலுக்கு முதல் நாள் நாம் கொண்டாடும் போகி, 'போகி' எனப் பெயர் பெற்ற இந்திரனுக்கு உரிய நாள்தான்.

நம் நாட்டிலும் இருக்கிறான்

பெர்லிஸ் மாநிலத்தை 'பெர்லிஸ் இந்திரா காயாங்கான்' என்கிறோமே, அந்த இந்திரா யார்? காயாங்கான் என்றால் தேவர் வாழும் வானுலகம். அறிவியல் பாடத்தில் ஐம்புலன்களுக்குப் படித்த 'பஞ்சாஇந்திரா' என்ற மலாய்ச் சொல்லும் இந்திரியம் என்பதிலிருந்து வந்தது. இந்திரியம் வந்தது இந்திரன் பெயரிலிருந்து.

எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு கண்டுபிடித்தேன். 1857-இல் ஈயம் தேடி வந்த சுரங்கத் தொழிலாளர்களால் வளர்ந்த ஊர் இது. அம்பாங் என்ற பெயருக்கே அணை என்றுதான் பொருள் சொல்கிறார்கள். இந்திரனின் பெரும் புகழோ, நீரையெல்லாம் அடைத்து வைத்திருந்த விருத்திரனைக் கொன்று ஆறுகளை ஓடவிட்டது! அணை ஊரில் இருந்துகொண்டு அணை உடைத்தவனை அறியாமல் இருந்திருக்கிறேன்.

கடைசியாகப் பாட்டியிடம் போனேன். "இடி இடிச்சா ஏன் பாட்டி அர்ச்சுனன் பேரைச் சொல்றீங்க?"

"அவன் இந்திரன் மவன்தானே? அப்பன் கோவமா வந்தாலும் புள்ள பேரைக் கேட்டா கை தாழ்ந்துடும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "தோட்டத்துல வெளிக்காட்டு வேலையில இருக்கும்போது மழை புடிச்சிக்கிட்டா ஓடி ஒளிய எடம் ஏது? அந்தப் பேருதான் எங்களுக்குக் கூரை."

வகுப்பில் என்னால் சொல்ல முடியாத பதில், இருபது ஆண்டுகளாக என் வீட்டு வரவேற்பறையிலேயே இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை. பருவ இறுதிக் கட்டுரையைச் சியூஸையும் இந்திரனையும் சேர்த்தே எழுதினேன். முதல் வரி பாட்டியின் வரி.

நண்பர்களே, சியூஸைப் படியுங்கள். நல்ல கதை அது. கூடவே உங்கள் வீட்டுப் பெரியவர்கள் காரணம் சொல்லாமல் செய்யும் ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு, ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

இப்போது இடி முழங்கினால் தொலைக்காட்சியின் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன். பிறகு பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்கிறேன்.