படத்தில் எழும் இல்லம்

அயல் மாநிலத்தில் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு சூளூர்பேட்டையில் இல்லம் எழுப்ப விழையும் நாம், முதலில் காண்பது கணிப்பொறி தீட்டிய படத்தையே. ஆட்டோகேடில் தரைப்படம் அமைகிறது, ஸ்கெட்ச்அப்பில் அது சுவரும் கூரையும் பெறுகிறது, ஃபோட்டோஷாப்பில் மெருகேறுகிறது. அம்மெருகு, தொலைவிலுள்ள பழவேற்காட்டு ஏரியையும் சன்னலருகே கொணர்ந்து நிறுத்தும். வெயிலையும் தணித்துக் காட்டும்.

ஆனால் ஸ்கெட்ச்அப்பில் ஊரும் நாளும் நேரமும் குறித்தால், நிழல் விழும் இடம் கணக்குப்படி தோன்றும். ஏறக்குறைய 13.7 பாகை வட அட்சத்திலுள்ள இவ்வூரில், ஜூன் மாத நண்பகலில் கதிரவன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பான். வடக்குச் சுவரிலும் வெயில் படும்.

ஆகவே, மெருகிடாத படத்தையும் கேட்டுப் பெறுவோம். அதில் ஜூன், டிசம்பர் மாத நிழல்களை ஒப்பிடுவோம். சன்னலின் இடத்தைப் படத்தில் மாற்றுவது எளிது. எழுந்த சுவரில் மாற்றுவது அரிது.