தோட்டக் கணக்கும் பல்கலைக்கழகப் பாடமும்



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் எழுகின்ற பேச்சை நாம் அனைவரும் அறிவோம். நன்றாகத் தேறிய பிள்ளை டாக்டராக வேண்டும். இல்லையென்றால் வழக்கறிஞராக வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஆசிரியராகவாவது ஆக வேண்டும். "நான் நிர்வாகப் பொருளியல் படிக்கப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "அது என்ன படிப்பு? அதைப் படித்தால் எங்கே வேலை?" என்று தகப்பனார் கேட்கிறார். நியாயமான கேள்விதான். அதற்கு இன்று விடை காண முயல்வோம்.

பொருளியல் என்றால் பணம் சேர்க்கும் வித்தை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. கையில் இருப்பது குறைவு, தேவையோ அதிகம். அந்த நிலையில் எதைத் தேர்ந்து எடுப்பது, எதை விட்டுக் கொடுப்பது என்று ஆராய்வதே பொருளியல். அதையே ஒரு நிர்வாகியின் நாற்காலியில் அமர்ந்து பார்த்தால் நிர்வாகப் பொருளியல். எவ்வளவு உற்பத்தி செய்வது, எத்தனை பேரை வேலைக்கு வைப்பது, பழைய இயந்திரத்தை எப்போது மாற்றுவது என்பன போன்ற கேள்விகள் அதில் வரும். அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோயல் டீன் 1951ஆம் ஆண்டில் இதே தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அதன்பின் உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது ஒரு தனிப் பாடமாக வேரூன்றியது.

பெயர்தான் நமக்குப் புதிது. இந்தப் பாடத்தின் விளைவுகளை நம் பாட்டன்மாரும் பெற்றோரும் நன்றாகவே அனுபவித்திருக்கிறார்கள். எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எளிமைக்காக நாம் வைத்துக் கொண்டவை.

ஒரு ரப்பர் தோட்டம். ஒரு கிலோ ரப்பர் எடுக்க, வெட்டுக்கூலி, உரம், பாலை உறைய வைக்கும் அமிலம் என்று 4 வெள்ளி செலவாகிறது. வெட்டினால்தான் இந்தச் செலவு, வெட்டாவிட்டால் இல்லை. இதனை மாறும் செலவு என்பார்கள். நிலவரி, அலுவலகச் சம்பளம், வாங்கிய கடனுக்கு வட்டி ஆகியவை கிலோவுக்கு 2 வெள்ளி. இது வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான செலவு. ஆக மொத்தம் 6 வெள்ளி. சந்தையில் விலை 5 வெள்ளிக்கு இறங்கிவிட்டது. தோட்டத்தை மூடலாமா?

"கிலோவுக்கு ஒரு வெள்ளி நட்டம், மூட வேண்டியதுதான்" என்று நமக்குத் தோன்றும். பாடம் படித்தவர் மூடமாட்டார். மூடினால் அந்த 2 வெள்ளி நிலையான செலவு முழுவதும் நட்டம். தொடர்ந்து வெட்டினாலோ நட்டம் ஒரு வெள்ளியோடு நிற்கிறது. விலை 4 வெள்ளிக்கும் கீழே போனால்தான் கத்தியைக் கீழே வைப்பார்.

இது குறுகிய காலக் கணக்கு. நீண்ட காலத்தில் கடன் தீர்ந்துவிடும், மரமும் கிழடாகிவிடும். நிலையானவை என்று எண்ணிய செலவுகளில் பெரும்பாலானவற்றை அப்போது மாற்றிக் கொள்ளலாம். ஒரு ரப்பர் மரம் வெட்டுக்கு வர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். செம்பனையோ மூன்று ஆண்டுகளில் குலை தரத் தொடங்கும். ஏக்கருக்குத் தேவைப்படும் ஆட்களும் குறைவு. ஆகவே விலை சரிந்த காலத்திலும் "வெட்டு, வெட்டு" என்று சொல்லிக் கொண்டிருந்த நிர்வாகம், ஒருநாள் திடீரென்று மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டதும், பாதிப் பேருக்கு வேலை இல்லை என்று சொன்னதும் மனமாற்றத்தால் அல்ல. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். நம்மவர்களுக்கு அது இடி விழுந்தது போல் இருந்தது. அலுவலகத்தில் இருந்தவர்களோ பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கணக்கைப் போட்டு வைத்திருந்தார்கள்.

இன்னொரு கருத்து, கைவிட்ட வாய்ப்பின் மதிப்பு. ஒரு நிலத்தைப் பயன்படுத்துவதற்கு உண்மையான விலை, அதே நிலத்தை வேறு வகையில் பயன்படுத்தியிருந்தால் கிடைத்திருக்கும் வருமானமே. பி.பி. 86 என்ற ரப்பர் மர வகையைப் பழைய வெட்டாளர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த 'பி.பி.' என்பது சிலாங்கூரில் இருந்த பிராங் பெசார் தோட்டத்தின் பெயர்ச் சுருக்கம். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் படைவீரர்கள் திறந்த தோட்டம் அது. 1990களில் அங்கேதான் புத்ராஜெயா எழுந்தது. அரசாங்க நகருக்கு உரிய இடம் என்று ஒரு நிலம் தேர்வாகிவிட்டால், அதில் எத்தனை நல்ல பால் வந்தாலும் கணக்கு நிற்காது. தலைநகரைச் சுற்றியிருந்த பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதற்கும் காரணம் இதுவே.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கணக்கில் ஏறுவது ஏட்டில் எழுதப்பட்ட செலவு மட்டுமே. மூன்று தலைமுறையாக வாழ்ந்த லயம், கூடிக் கும்பிட்ட கோயில், பிள்ளைகள் படித்த பள்ளி ஆகியவற்றின் இழப்பு நிறுவனத்தின் ஏட்டில் எந்தப் பத்தியிலும் வராது. ஒருவருடைய முடிவால் மற்றவர் மீது விழுகின்ற இத்தகைய சுமையைப் புறவிளைவு என்று பொருளியல் நூல்களே குறிப்பிடுகின்றன. பாடத்தில் இது உண்டு. ஆனால் பாடம் படித்த நிர்வாகிகள் எல்லாரும் அந்த அத்தியாயத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளை அதை மறப்பது கடினம். நம் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்று நாம் விரும்புவதற்கு அதுவே முதற்காரணம். சம்பளப் பேச்சு நடக்கும் மேசையில் ஒரு தரப்பு மட்டும் கணக்குத் தெரிந்ததாக இருந்தால், மறுதரப்பு கெஞ்சத்தான் முடியும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1950களில் தோட்டத் துண்டாடலால் பல்லாயிரம் குடும்பங்கள் நிலைகுலைந்தன. அதற்கு விடையாக 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. முதலாளி யாராக இருந்தாலும், எப்போது மறுநடவு செய்வது, ரப்பரா செம்பனையா என்ற கேள்விகள் ஒன்றுதான். தொழிலாளர்களுக்குச் சொந்தமான தோட்டத்துக்கும் கணக்குத் தெரிந்தவர்கள் தேவை.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1968 முதல் 1988 வரை துணைவேந்தராக இருந்த உங்கு அப்துல் அசிஸ் ஒரு பொருளியலறிஞர். கிராமத்து வறுமையை அளக்க அவர் சொன்ன வழி சுவையானது. வீட்டில் உள்ளோர் எண்ணிக்கையையும் கைலிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், அந்தக் குடும்பத்தின் நிலை தெரிந்துவிடும் என்றார். ஏழை வீட்டின் கொடிக்கயிற்றைப் பார்த்தும் பொருளியல் பேசலாம் என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

இனிச் செலவு. பல்கலைக்கழகப் படிப்பின் செலவு என்றால் கட்டணம், சாப்பாடு, பஸ் காசு என்று மட்டும் கணக்கிடுகிறோம். படிக்கும் மூன்று நான்கு ஆண்டுகளில் பிள்ளை தொழிற்சாலைக்குப் போயிருந்தால் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கும் சம்பளமும் செலவுதான். நாம் மேலே சொன்ன கைவிட்ட வாய்ப்பு அது. தாய்மார்களுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். அதனால்தான் பல வீடுகளில் படிப்பு பாதியில் நிற்கிறது. ஆனால் கணக்கின் மறுபாதியையும் எழுத வேண்டும்: அந்தச் சம்பளம் பத்தாண்டு கழித்து எவ்வளவு உயர்ந்திருக்கும், பட்டம் பெற்றவர் சம்பளம் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று. 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். நிதி கைகொடுக்கும், அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிக் கொள்வது நல்லது.

படிப்பு எளிதன்று. கணிதமும் புள்ளியியலும் நிறைய வரும். நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கும். கெடா, சிந்தோக்கில் உள்ள, 1984இல் நிறுவப்பட்ட உத்தாரா மலேசியாப் பல்கலைக்கழகம் நிர்வாகக் கல்விக்கென்றே தோன்றியது. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பொருளியல் துறை உண்டு. பட்டம் பெற்றவர்கள் வங்கி, தோட்ட நிறுவனம், அரசாங்கத் திட்டப் பிரிவு, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் வேலை தேடலாம். "பொருளியலாளர் தேவை" என்று விளம்பரம் வருவது குறைவு. வேறு பெயர்களில் அந்த வேலை இருக்கும்.

நான்காம் படிவத்தில் பாடத் தேர்வுத் தாள் வீட்டுக்கு வரும். கையெழுத்திட்டு அனுப்புவதற்கு முன், பொருளியல், கணக்கியல், கூடுதல் கணிதம் ஆகியவை அப்பள்ளியில் உண்டா என்று வகுப்பாசிரியரைக் கேளுங்கள். கூடுதல் கணிதம் கடினம் என்று கைவிடப் பார்க்கும் பிள்ளையிடம், இரண்டு மாதம் முயன்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லுங்கள். ஆறாம் படிவத்துக்குப் போகிறவர்கள் எஸ்.டி.பி.எம். தேர்விலும் பொருளியலை ஒரு பாடமாக எடுக்க முடியும். மூயெட் ஆங்கிலத் தேர்வுக்கு வேண்டிய பயிற்சியை அப்போதே தொடங்கிவிட வேண்டும்.