பழங்கல்லைப் படியெடுத்த பட்டத்தரசி

தேவாரம் என்ற ஊருக்குப் பக்கத்துச் சின்னமனூரில் கிடைத்த பெரிய செப்பேடு, பாண்டியன் இரண்டாம் இராசசிம்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் வெளியானது. அதில் அவன் தாய் வானவன் மாதேவியின் பெயர் வருகிறது. சேரர் குலத்தில் பிறந்தவர், பாண்டியன் பராந்தக வீரநாராயணனின் தேவி என்பதற்கு மேல் அவரைப் பற்றி அதிகம் தெரியவில்லை. பழங்கால அரசியர் பலரும் இப்படிக் கணவனையும் மகனையும் ஒட்டியே நினைக்கப்படுகிறார்கள். எகிப்தின் நெபர்தாரிக்கு அபு சிம்பெலில் கோயிலே இருக்கிறது; அதையும் எடுப்பித்தவர் கணவர் இரண்டாம் ராமேசஸ்தான்.

இராசசிம்மனை வென்று மதுரையைக் கொண்டவன் முதலாம் பராந்தக சோழன். அவன் வீட்டுக்கு மருமகளாக வந்த மழவர் குலப் பெண் செம்பியன் மாதேவியின் கதை வேறு. கி.பி. 957 வாக்கில் கணவர் கண்டராதித்தர் மறைந்தபோது மகன் உத்தமன் சிறுபிள்ளை. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல், இராஜராஜன் காலம் வரை வாழ்ந்த அவர், காவிரிப் பகுதியின் பழைய செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார்.

செங்கல் ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தோடு ஏறும் உப்பு, காயும்போது படிகமாகி உள்ளிருந்தே சுவரை உதிர்க்கும். இடுக்கில் விழுந்த ஆலவிதை மீதியைப் பார்த்துக்கொள்ளும். கருங்கல் இதைத் தாங்கும். ஆனால் வண்டல் படிந்த டெல்டாவில் பாறை ஏது? வெளியிலிருந்து கொண்டுவந்து, எஃகு உளியால் செதுக்கினார்கள்.

பழைய சுவரை இடித்தால் அதிலிருந்த கல்வெட்டுகளும் போய்விடுமே! திருக்கோடிக்காவலில் முந்தைய அரசர்களின் சாசனங்கள் புதிய சுவரில் அப்படியே திரும்பவும் வெட்டப்பட்டன; அவை பழைய கல்லின் படி என்ற குறிப்போடு. தன் குலத்தார் அல்லாதவர்களின் கொடையையும் அழியவிடாத இந்தக் கவனம்தான் என்னை வியக்கவைக்கிறது. கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரால் கோயிலெடுத்தவர், கட்டிய சாத்தன் குணபத்தனின் பெயரையும் கல்லில் ஏற்றினார். கட்டியவர் பெயர் நிலைத்த கோயில்கள் எத்தனை?

அவர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் புகழ்பெற்றவை. மெழுகில் வடித்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள். செம்போடு வெள்ளீயமும் காரீயமும் சேரும். காரீயம் இருந்தால் உலோகம் நுண்ணிய இடுக்குகளுக்குள்ளும் தடையின்றி ஓடும். அந்தக் காரீயமே இன்று சாட்சி சொல்கிறது. யுரேனியமும் தோரியமும் சிதைந்து உண்டாகும் ஈய ஐசோடோப்புகளின் விகிதம், தாதுக்குத் தாது வேறுபடும். அதை அளந்து, எழுத்துப் பொறிக்காத சிலைகளையும் காலவாரியாகக் குழுப்படுத்த முயன்றவர் ஆய்வாளர் சாரதா சீனிவாசன்.

வாஷிங்டன் ஃப்ரீயர் அருங்காட்சியகத்தில் சுமார் 107 செ.மீ. உயரத்தில் நிற்கும் சோழர்காலத் திருமேனியைச் செம்பியன் மாதேவி என்கிறார்கள். பார்வதி என்போரும் உண்டு. சிலையில் பெயர் இல்லை. நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயர் தாங்கிய ஊரிலோ சந்தேகத்துக்கு இடமில்லை: அவர் பிறந்த கேட்டை நாளைக் கொண்டாட உத்தமனின் தேவியர் அளித்த கொடை, கைலாசநாதர் கோயில் சுவரிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.